பேக்கப் ஸ்கிரிப்டில் நெட்வொர்க் ஷேர் மவுண்ட் ஆகாமல் போனால்

பேக்கப் தினமும் ஓடுகிறது, லாக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) பல நாளாகப் புதிய ஃபைல் வரவில்லை. லினக்ஸ் சர்வரின் ரூட் டிஸ்க்கோ நிரம்பிக்கொண்டே போகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நாஸின் ஷேரை (பகிர்ந்த ஃபோல்டரை) சர்வரில் ஏற்றுவதுதான் மவுண்ட். அது ஏறும் இடமான மவுண்ட் பாயிண்ட் வெறும் ஃபோல்டர். ஷேர் அதில் ஏறாவிட்டாலும் ஃபோல்டர் அங்கேயே இருக்கும். நகலெடுக்கும் கட்டளையான ஆர்சிங்க் அதற்குள் எழுதி முடித்து, வெற்றி என்று திரும்பிவிடும்.

கீழே வரும் கட்டளைகளை டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

படி 1: கையால் மவுண்ட் செய்து பாருங்கள். ஸ்கிரிப்டில் உள்ள மவுண்ட் வரியை அப்படியே சூடோவுடன் (ரூட், அதாவது நிர்வாகி உரிமையோடு) ஓட்டுங்கள். பிழை வந்தால் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும்; அதைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். கூடுதல் விவரம் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (டி-எம்-இ-எஸ்-ஜி) கட்டளை வெளியீட்டின் கடைசி வரிகளில் இருக்கும்.

எண் 13 என்றால் அனுமதி மறுப்பு. பெரும்பாலும் கிரெடென்ஷியல் ஃபைலில்தான் கோளாறு. யூசர்நேம், பாஸ்வேர்ட் இரண்டும் தனித்தனி வரியில், சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். விண்டோஸ் நோட்பேடில் எழுதிக் கொண்டுவந்த ஃபைலென்றால் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து பாஸ்வேர்டோடு ஒட்டிக்கொள்ளும். லினக்ஸிலேயே புதிதாக எழுதிவிடுங்கள். ஃபைலின் அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்), உரிமையாளர் ரூட்.

எண் 2 என்றால் ஷேர் பெயரைச் சரிபாருங்கள். 115 வந்தால் ஷேர் பயன்படுத்தும் 445ஆம் போர்ட் ஃபயர்வாலில் அடைபட்டிருக்கலாம்.

112 ஆளை ஏமாற்றும். 'ஹோஸ்ட் டவுன்' என்று சொல்லும், ஆனால் பிங் செய்தால் பதில் வரும். 2017இல் வந்த லினக்ஸ் கெர்னல் 4.13 முதல், ஷேர் பேசும் நெறிமுறையான எஸ்எம்பியின் பழைய பதிப்பு எஸ்எம்பி 1 இயல்புநிலையில் இல்லை. பழைய நாஸ் அதை மட்டுமே பேசினால் இந்த எண்தான் வரும். மவுண்ட் வரியின் விருப்பங்களில் 'வெர்ஸ்=1.0' போட்டால் வேலை செய்யும். ஆனால் அதே 2017இல் வான்னாக்ரை ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) பரவியது எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். முதலில் நாஸின் அமைப்பில் எஸ்எம்பி 2 அல்லது 3ஐ இயக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணே இல்லாமல் 'ராங் எஃப்எஸ் டைப்' என்று வந்தால் எஸ்எம்பி ஷேரை ஏற்றத் தேவையான சிஃப்ஸ்-யூட்டில்ஸ் பேக்கேஜ் நிறுவப்படவில்லை.

படி 2: கையால் ஓடுவது கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சேவை) ஓடவில்லையா? மவுண்டுக்கு ரூட் உரிமை வேண்டும். வேலையை ரூட்டின் கிரான்டேபில் (கிரானின் வேலைப் பட்டியல்) போடுங்கள். கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் பாத் பட்டியல் கிரானில் குட்டையானது, எனவே கட்டளைகளுக்கு முழுப் பாதை கொடுங்கள். வரியின் கடைசியில் லாக் ஃபைல் பெயரோடு '2>&1' சேர்த்தால்தான் பிழைச் செய்தியும் பதிவாகும்.

படி 3: இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆர்சிங்குக்கு முந்தின வரியில் இதைச் சேருங்கள்:

மவுண்ட்பாயிண்ட் -க்யூ /எம்என்டி/பேக்கப் || எக்ஸிட் 1

ஷேர் ஏறவில்லை என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். ஷேரிலிருந்து லோக்கலுக்கு நகலெடுப்பவர்களுக்கு இது உயிர்நாடி. மூலம் காலி ஃபோல்டராக இருந்து ஆர்சிங்கில் மூலத்தில் இல்லாததை இலக்கிலும் அழிக்கும் 'டெலீட்' விருப்பமும் இருந்தால், இருக்கிற பேக்கப் முழுவதும் துடைக்கப்படும்.

இன்னொரு பூட்டும் போடலாம். ஷேரை இறக்கிவிட்டு, காலி ஃபோல்டருக்கு சி-எச்-ஏ-டி-டி-ஆர் கட்டளையில் '+ஐ' கொடுங்கள். இஎக்ஸ்டி4 டிஸ்க்கில் அதற்குப் பிறகு ரூட்டால்கூட அந்த ஃபோல்டருக்குள் ஃபைல் உருவாக்க முடியாது. ஷேர் மட்டும் வழக்கம்போல் மேலே ஏறும். பூட்டும் முன் உள்ளே எட்டிப் பாருங்கள்: டிஸ்க்கை நிரப்பிய பழைய நகல்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

படி 4: கடைசியில் அன்மவுண்ட் செய்யும்போது 'டார்கெட் இஸ் பிஸி' என்று வந்தால், ஸ்கிரிப்டே 'சிடி' போட்டு அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அன்மவுண்டுக்கு முன் 'சிடி /' சேர்த்தால் தீரும். வேறு யாராவது பிடித்திருந்தால் 'ஃபியூசர் -விஎம்' காட்டிக்கொடுக்கும்.