கலிஃபோர்னியால வேலை பாக்குறவங்க சம்பளம், பிரேக், வேலை நீக்கத்துல பண்ற தவறுகள்

நம்ம ஆளுங்க நிறைய பேரு இங்க "அட்-வில் தானே, எப்ப வேணா தூக்கிடுவாங்க, நாம என்ன பண்ண முடியும்"னு சொல்லிட்டு எல்லாத்தையும் விட்டுடுறாங்க. எனக்கு மனசு ரொம்ப கஷ்டப்படுற விஷயம் இது. அட்-வில்னா காரணம் சொல்லாம வேலைய விட்டு அனுப்பலாம், அவ்வளவு தான். உழைச்ச காச குடுக்காம அனுப்பலாம்னு எந்த சட்டத்துலயும் இல்ல. சம்பள பாக்கிய கேட்டதுக்காக தூக்குனா அது சட்டவிரோதம், அதுவும் 2024லேருந்து நீங்க புகார் குடுத்த 90 நாளுக்குள்ள தூக்கிட்டா பழிவாங்கல்னு தான் முதல்ல எடுத்துப்பாங்க, வேற நியாயமான காரணம் இருக்குன்னு காட்ட வேண்டியது முதலாளி வேலை.

பெரிய தவறு நடக்குறதே கடைசி நாள்ல தான். வேலைய விட்டு அனுப்புறாங்கன்னா முழு கணக்கும் அன்னைக்கே கைக்கு வரணும், அடுத்த பேடே வரைக்கும் வெயிட் பண்ண சொல்றது தப்பு. நீங்களா ரிசைன் பண்றீங்க, 72 மணி நேரம் முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா கடைசி நாள்லயே குடுக்கணும், சொல்லாம விட்டா 72 மணி நேரத்துக்குள்ள. எடுக்காம சேத்து வெச்ச வெகேஷனும் இங்க சம்பளம் தான், அத "லேப்ஸ் ஆயிடுச்சு"ன்னு சொல்ல முடியாது, அதையும் சேத்து தான் செட்டில் பண்ணணும். வேணும்னே இழுத்தடிச்சா ஒவ்வொரு நாளைக்கும் ஒரு நாள் சம்பளம் அபராதம், அதிகபட்சம் 30 நாள். மணிக்கு 25 டாலர் வாங்கிட்டு 8 மணி நேரம் வேலை பாக்குற ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர், 30 நாள்னா 6,000 டாலர், இத தெரியாம எத்தன பேரு "போனா போகுது"ன்னு வந்திருப்பாங்க!

அன்னைக்கே ஒரு பேப்பர நீட்டி "இதுல சைன் பண்ணா தான் செக்"னு சொல்வாங்க பாருங்க, பதட்டத்துல படிக்காம போட்டுடாதீங்க ப்ளீஸ். செவரன்ஸ்ங்கறது கம்பெனி கூடுதலா தர்ற காசு, அதுக்கு கையெழுத்து கேக்கலாம். ஆனா ஏற்கனவே உழைச்சு சம்பாதிச்ச சம்பளத்துக்கு உரிமைய எழுதி குடுன்னு கேக்கவே கூடாது, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்காதீங்க.

அடுத்து பிரேக். 5 மணி நேரத்துக்கு மேல வேலைன்னா 30 நிமிஷம் சாப்பாட்டு பிரேக், அது அஞ்சாவது மணி நேரம் முடியறதுக்குள்ள ஆரம்பிக்கணும் (மொத்தமே 6 மணி நேரத்துக்குள்ள தான்னா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு விட்டுடலாம்). அது போக ஒவ்வொரு 4 மணி நேரத்துக்கும் சம்பளத்தோட 10 நிமிஷம். ரெஸ்டாரண்ட்ல வேலை பாக்குற ஒரு தம்பி சொன்னாப்ல, தட்ட கையில வெச்சுக்கிட்டே போன் ஆர்டர் எடுப்பாராம், அது பிரேக்கே இல்லங்க, எல்லா வேலையும் விட்டு வெளிய போய்ட்டு வர்ற அளவுக்கு விடணும். சாப்பாட்டு பிரேக் தராத நாளுக்கு ஒரு மணி நேர சம்பளம் கூடுதல், 10 நிமிஷ பிரேக்கும் தரலன்னா அதுக்கு தனியா இன்னொரு மணி நேரம். ஆனா ஒண்ணு, அவங்க முழுசா விட்டும் நீங்களா உக்காந்து வேலை பாத்தீங்கன்னா இந்த காசு கிடைக்காது, 2012லயே கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் அத தெளிவா சொல்லிடுச்சு. அதனால மேனேஜர் போக விடலன்னா அன்னைக்கே ஒரு மெசேஜ் அனுப்பி வைங்க, "இன்னைக்கு கூட்டம்னால பிரேக் போக முடியல"ன்னு ஒரு வரி போதும்.

மாச சம்பளம் வாங்குறதால ஓவர்டைம் கிடையாதுன்னு நெனைக்கிறதும் தப்பு. ஓவர்டைம் இல்லன்னு சொல்லணும்னா செய்யிற வேலையோட தன்மையும் பாக்கணும், சம்பளமும் மாநில மினிமம் வேஜ்ல ரெண்டு மடங்கு கணக்குக்கு குறையாம இருக்கணும் (2025ல அது வருஷத்துக்கு 68,640 டாலர்). அதுக்கு கீழன்னா பொதுவா ஒரு நாள்ல 8 மணி நேரம் தாண்டுனா ஒன்றரை மடங்கு, 12 தாண்டுனா ரெண்டு மடங்கு. வாரத்துக்கு 40 தான் கணக்குன்னு சொன்னா நம்பாதீங்க, இங்க நாள் கணக்கும் உண்டு.

விசா பயத்துல வாய தொறக்காம இருக்குறவங்க தான் அதிகம். மாநில சம்பள சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு தான், பேப்பர் இல்லாதவங்களுக்கும் சேத்து. லேபர் கமிஷனர் ஆபீஸ்ல (சம்பள பிரச்சனைய பாக்குற மாநில அரசு ஆபீஸ்) வேஜ் கிளெய்ம், அதாவது சம்பள பாக்கி புகார் போட ஃபீஸ் இல்ல, வக்கீல் வேண்டாம், இங்கிலீஷ் வரலன்னா இன்டர்ப்ரெட்டர் கேக்கலாம். ஓவர்டைம், பிரேக் காசுக்கெல்லாம் 3 வருஷம் டைம், வாய்வார்த்தையா பேசுன சம்பளத்துக்கு 2 வருஷம் தான், பழிவாங்கல் புகார்னா 1 வருஷத்துக்குள்ள குடுத்துடணும். பே ஸ்டப் (சம்பள சீட்டு), ஷிஃப்ட் மெசேஜ், உள்ள வந்த நேரம் போன நேரம் எல்லாத்தையும் இன்னைக்கே சொந்த போன்ல எழுதி வெக்க ஆரம்பிங்க, வேலை போன அன்னைக்கு ஆபீஸ் லாகின் மொதல்ல கட் ஆயிடும்.