பழமும் பூவும் கலந்த இரண்டு வாசனைத் திரவியங்கள்: எதை வாங்குவது?

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலைக் கடைத்தொகுதிகளில் வாசனைத் திரவியப் பகுதிக்குள் நுழைந்தால் பத்து நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும். அதனால் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே இரண்டு பெயர்களை முடிவுசெய்துகொள்ளுங்கள். இனிப்புத் தூக்கலான வாசனை பிடித்தவர்களுக்கு நான் சொல்வது, 2012இல் வந்த லான்கோமின் ‘லா வி எ பெல்’, 2016இல் வந்த ஈவ் சான் லோரானின் ‘மோன் பாரி’.

படி 1: அன்று வாசனை லோஷன் பூசாதீர்கள். தலையில் மல்லிகைச் சரமும் வேண்டாம். மல்லிகைக்குப் பக்கத்தில் வேறு எந்த வாசனையும் எடுபடாது.

படி 2: இடது முழங்கையின் உட்புறத்தில் ஒன்று, வலதில் மற்றொன்று. ஒருமுறை பீய்ச்சினால் போதும், தேய்க்க வேண்டாம். கடையில் தரும் காகிதத் துண்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். காகிதத்துக்கு உடல்சூடும் இல்லை, வியர்வையும் இல்லை.

படி 3: பொறுமையாக முகருங்கள். மோன் பாரியில் ஸ்ட்ராபெரியும் ராஸ்பெரியும் முந்திக்கொண்டு வரும், ஜாம் புட்டியை அப்போதுதான் திறந்ததைப் போல. லா வி எ பெல்லில் பேரிக்காயும் பிளாக்கரண்ட் என்ற கருநிறச் சிறுபழமும் சற்று நேரம்தான். பிறகு ஐரிஸ் என்ற பூச்செடியின் பவுடர் போன்ற மணம் எழும். அந்த மணம் பூவிலிருந்து வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் உலர்த்திய கிழங்கிலிருந்து வருகிறது. அதற்கும் அடியில் பிராலின், அதாவது கொட்டையைச் சர்க்கரையோடு வறுத்த வாசம். எனக்கு அது கடலை மிட்டாயை நினைவூட்டும். இரண்டிலும் மண்வாசம் கலந்த பச்சோலி என்ற இலையின் மணம் உண்டு. அந்தப் பெயரே தமிழிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகள் சொல்வதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

படி 4: இதுதான் முக்கியம். எதையும் வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். கடையின் குளிரில் இதமாக இருக்கும் இனிப்பு, 32 டிகிரி வெயிலிலும் ஈரக்காற்றிலும் இரண்டு மடங்காகத் தெரியும். ஒருமுறை, முகர்ந்த மாத்திரத்தில் பிடித்துப்போய் ஒரு திரவியத்தைப் பெரிய புட்டியாக வாங்கினேன். மறுநாள் ரயிலில் சிராங்கூன் வருவதற்குள் தலைவலி வந்துவிட்டது. ஆகவே பஸ் நிறுத்தம்வரை நடந்து பாருங்கள். நான்கு மணி நேரம் கழித்து, வீட்டு மின்தூக்கியில் கதவு மூடியதும் கவனியுங்கள். கையைத் தூக்காமலே வாசம் முகத்தில் அடித்தால் உங்களோடு நிற்பவருக்கும் அது தொல்லைதான். அந்த நேரத்திலும் எந்தக் கையை மீண்டும் முகரத் தோன்றுகிறதோ, அதை வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் அலுவலகத்துக்கு லா வி எ பெல், அதுவும் ஒரே ஒரு பீய்ச்சு. கல்யாண வரவேற்புக்கு மோன் பாரி. பட்டுப் புடவைமேல் மட்டும் நேராக அடிக்காதீர்கள், கறை விழும்.

முதல்முறை 30 மில்லி புட்டியே போதும். அதைக் குளியலறையில் வைக்காமல், பெட்டியோடு அலமாரிக்குள் வையுங்கள். சூடும் வெளிச்சமும் பட்டால் வாசம் கெட்டுவிடும்.