காயில்ஓவர் மாட்டிய பிறகு: தினசரி ஓட்டத்துக்கும் டிராக்குக்கும் ஒரே வண்டியை செட் செய்யும் முறை

வாரநாளில் வேலைக்குப் போகவும் மாதத்தில் ஒரு நாள் டிராக்கில் (பந்தயப் பாதையில்) ஓட்டவும் ஒரே வண்டியை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காயில்ஓவர் என்பது டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றாக அமைந்த, உயரம் மாற்றக்கூடிய செட். பழைய ஷாக் அப்சார்பரைக் கழற்றும் விதம் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலிலேயே இருக்கிறது, அதற்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும்.

1. கழற்றும் முன் அளந்து வையுங்கள்

நான்கு சக்கரத்திலும் சக்கரத்தின் மையத்திலிருந்து நேர்மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கைக் குழப்பிவிடும். பிறகு செய்யும் வேலை எல்லாம் இந்த நான்கு எண்களை வைத்துத்தான்.

2. மாட்டும்போது

மரையில் ஆன்டி சீஸ் (மரை இறுகி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பசை) தடவுங்கள். மேல் நட்டை இம்பேக்ட் கன்னால் இறுக்க வேண்டாம். டேம்பரின் தண்டு வேகமாகச் சுழன்றால் உள்ளே சீல் பழுதாகும். தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு கை ஸ்பேனரால் இறுக்குங்கள்.

ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை) ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. சாதாரண 6 கிலோ/மிமீ (1 மிமீ அமுங்க 6 கிலோ) ஸ்பிரிங் எவ்வளவு ப்ரீலோடு வைத்தாலும் 6 கிலோ/மிமீதான். உயரமும், சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரமும்தான் மாறும். உயரத்தைத் தனியாக மாற்றும் வசதியுள்ள செட்டில், ஸ்பிரிங் ஆடாத அளவுக்குக் கையால் திருகி, அதற்கு மேல் 1 அல்லது 2 மிமீ வைத்தால் போதும்.

செட்டோடு வரும் மெல்லிய சி ஸ்பேனர் வழுக்கி, ஸ்பிரிங்கைத் தாங்கும் மரை வளையத்தின் பள்ளத்தைத் தின்றுவிடும். தடித்த ஸ்பேனர் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். இந்த வேலையில் டார்க் ரென்ச்சுக்கு அடுத்தபடி நான் பணம் செலவழிப்பது இதற்குத்தான்.

3. உயரம்

பழைய அளவிலிருந்து 25 முதல் 30 மிமீ இறக்கம், அவ்வளவுதான். முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (டேம்பரே சக்கரத்தின் மேல்பக்கத்தைப் பிடித்து நிற்கும் அமைப்பு) உள்ள வண்டியை அளவுக்கு மீறி இறக்கினால், சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விடும். அப்போது ரோல் சென்டர் (வளைவில் வண்டி சாயும் மையப்புள்ளி), வண்டியின் எடைமையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்குகிறது. வண்டி தாழ்ந்திருந்தும் வளைவில் சாய்கிற உந்துதல் கூடிப்போகும். குனிந்து பாருங்கள்: ஆர்ம் தரைக்கு இணையாக, அல்லது வெளிமுனை சற்றுத் தாழ்ந்து இருக்க வேண்டும்.

4. புஷ் போல்ட்டை எப்போது இறுக்குவது

புஷ் என்பது ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் மூட்டு. நான் தவறிய இடம் இதுதான். முதல் தடவை வண்டி ஸ்டாண்டில் இருக்க, சக்கரங்கள் தொங்க, லோயர் ஆர்மின் உள்பக்க போல்ட்டுகளை முழுசாக இறுக்கிவிட்டேன். இறக்கியதும் நினைத்ததைவிட உயரமாக நின்றது. டேம்பரின் கிளிக்கை (அதன் கடினத்தை மாற்றும் திருகின் படிகளை) எவ்வளவு தளர்த்தினாலும் ஓட்டம் கட்டை போல இருந்தது. டேம்பர்தான் மோசம் என்று நினைத்து அதையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். சில மாதம் கழித்து ஆர்மில் டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பரில் சுற்றிலும் கீறல்.

காரணம் எளிது. பெரும்பாலான வண்டிகளில் புஷ்ஷின் ரப்பர் உள் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்ளும். தொங்கும்போது பூட்டினால், வண்டி நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே இருக்கும். அந்த முறுக்கு இன்னொரு ஸ்பிரிங் போல வண்டியைத் தூக்கும், பிறகு கிழியும்.

சரியான முறை: போல்ட்டுகளைக் கைப்பிடி அளவுக்கு மட்டும் பிடித்து, வண்டியை இறக்கி, சமதரையில் சில மீட்டர் முன்னும் பின்னும் மெதுவாக உருட்டுங்கள். உயரம் சரியானதும் நான்கு சக்கரத்தையும் ரேம்பில் ஏற்றி, எடை சக்கரத்தில் இருக்கும்போதே மேனுவலில் உள்ள டார்க்குக்கு இறுக்குங்கள். ரேம்ப் இல்லையென்றால் ஸ்டாண்டில் வைத்து, பால் ஜாயின்ட் (ஆர்மின் வெளிமுனை மூட்டு) அருகே ஆர்மை ஜாக்கியால் தூக்கி, சக்கர மையத்துக்கும் ஃபெண்டருக்கும் இடையே நிற்கும் உயரத்தின் அளவு வந்ததும் இறுக்கலாம். வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்பத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள், அந்த வண்டிக்கு ரேம்ப்தான் வழி. பின்பக்க ஆர்மையும் ஷாக்கின் கீழ்க்கண்ணையும் மறக்காதீர்கள்.

5. அலைன்மென்ட்

உயரம் முடிந்த பிறகுதான் இது. முதலில் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; மைனஸ் என்றால் மேல்பக்கம் உள்ளே சாய்ந்தது), அப்புறம் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு), ஏனென்றால் கேம்பரைத் தொட்டால் டோ மாறும். முன்சக்கரத்துக்குத் தினசரி மைனஸ் 1.5 டிகிரி, டிராக்குக்கு மைனஸ் 2.5 டிகிரி வைத்துத் தொடங்குங்கள். முன் டோ பூஜ்யம், பின்னால் கொஞ்சம் டோ இன் (சக்கரத்தின் முன்பகுதி சற்று உள்நோக்கி). மேலே கேம்பர் பிளேட் (கேம்பரை மாற்ற நகர்த்தும் தட்டு) இருந்தால் தினசரி, டிராக் இரண்டுக்குமான இடத்தையும் பெயின்ட் மார்க்கரால் குறித்து, இரண்டிலும் டோவை அளந்து வையுங்கள். டயரின் உள்விளிம்பை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோதான், கேம்பர் மீது பழி போட வேண்டாம்.

6. கிளிக்

எப்போதும் முழு இறுக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தளர்ந்த முனையில் கடைசிக் கிளிக் எது என்பது பல டேம்பரில் தெளிவாகத் தெரியாது. நடுவில் தொடங்கி, தெரிந்த ஒரே சாலையில் ஓட்டி, ஒரு தடவைக்கு 2 கிளிக், முன் அச்சு அல்லது பின் அச்சு ஒன்றில் மட்டும் மாற்றுங்கள். மேட்டைத் தாண்டிய பிறகும் வண்டி மிதந்தபடி ஆடினால் இறுக்கம் போதவில்லை. அடுத்தடுத்த மேடுகளில் வண்டி அமுங்கிக்கொண்டே போனால், ஸ்பிரிங் திரும்ப விரியவிடாமல் ரீபவுண்ட் (டேம்பர் விரியும்போது தரும் எதிர்ப்பு) பிடித்து வைக்கிறது, தளர்த்துங்கள்.

டேம்பர் தண்டில் ஒரு ஜிப் டையைத் தளர்வாகக் கட்டி, கீழே தள்ளி வைத்துவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்த்தால், தண்டு எவ்வளவு உள்ளே போனது என்பதை அது காட்டும். பம்ப் ஸ்டாப்புக்குள் (தண்டு முழுசாக அமுங்காமல் தடுக்கும் மெத்தை) போய் ஒட்டியிருந்தால் எந்தக் கிளிக்கும் உதவாது. உயரத்தை ஏற்றுங்கள் அல்லது ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

டிராக் நாளுக்கு நான் மாற்றுவது கிளிக், கேம்பர், டயர் அழுத்தம் மூன்றும்தான். உயரத்தைத் தொடுவதே இல்லை. தொட்டால் 4, 5 இரண்டையும் மறுபடி செய்ய வேண்டும்.

பிற்சேர்க்கை

இதைப் பார்த்துச் செய்த இருவருக்கு முன்பக்கம் டக் டக் என்று சத்தம் வந்ததாம். இருவருக்கும் ஆன்டி ரோல் பாரின் (வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பி) லிங்க் நீளம் புதிய உயரத்துக்குப் பொருந்தவில்லை. நீளம் மாற்றக்கூடிய லிங்க் போட்டதும் சரியானது. இன்னொருவர் முகப்பு விளக்கைப் பற்றிக் கேட்டார்: ஆமாம், உயரம் மாறினால் ஒளி விழும் இடமும் மாறும், திருத்திக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் எங்கும் உரசவில்லை என்றும் பாருங்கள்.

முதல் 100 கிமீக்குப் பிறகு லாக் ரிங்குகளை (உயரம் நகராமல் பூட்டும் வளையங்களை) ஒருமுறை சோதியுங்கள். வளையத்திலிருந்து உடல்வரை குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டு வைத்தால், சக்கரத்தைக் கழற்றியதுமே தளர்ந்தது எது என்று தெரிந்துவிடும்.