கூலண்ட் விளக்கு வந்து வந்து போகிறதா?

பழைய காரில் பினாங்கின் பாலிக் பூலாவ் மலைச்சாலை ஏறும்போது கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) விளக்கு எரிகிறது, ஜார்ஜ் டவுன் வந்ததும் அணைந்துவிடுகிறது என்றால், உடனே ரேடியேட்டரை மாற்றச் சம்மதிக்காதீர்கள். அது கூலண்ட் அளவைக் காட்டும் விளக்கா, வெப்பத்தைக் காட்டும் விளக்கா என்று முதலில் கையேட்டில் பாருங்கள். வெப்ப விளக்கு என்றாலோ, வெப்பமுள் ஏறினாலோ ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

அளவு விளக்கு என்றால், காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது காரைச் சமதரையில் வைத்துக் கூலண்ட் தொட்டியைப் பாருங்கள். கூலண்ட் கீழ்க்கோட்டை ஒட்டி இருந்தால், ஏற்றத்திலும் வளைவிலும் அது ஒரு பக்கம் சரிந்து சென்சார் மிதவை இறங்கிவிடும். என் காரில் இதேதான் நடந்தது. அதே வகை கூலண்டைக் கொஞ்சம் ஊற்றியதும் சரியாகிவிட்டது. மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

அளவு சரியாக இருந்தும் எரிகிறதா? சென்சார் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் அதன் ஊசிகளில் பச்சை பூத்திருக்கலாம். கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) அடித்து, காயவிட்டு மாட்டுங்கள். தொட்டிக்குள் படிந்த கசடும் மிதவையைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம், தொட்டியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் தினமும் காலையில் பாருங்கள். அளவு இறங்கினால் ஹோஸ் முனை, தண்ணீர் பம்ப், ரேடியேட்டர் மூடி ஆகியவற்றில் கசிவைத் தேடுங்கள். வெளியே ஈரமே இல்லாமல் குறைந்து, இன்ஜின் சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம். அன்றே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.