ஹாஸ்டல் ஸ்கூல் திறக்கறாங்க: அனுப்பறதுக்கு முன்னாடி திரும்ப கூட்டிட்டு வர்ற வழிய ரெடி பண்ணுங்க

இது 2021 ஆகஸ்ட்ல, கொரோனாவுக்காக மூடியிருந்த ஸ்கூல திரும்ப திறக்கப்போற சமயத்துல எழுதுனது. செப்டம்பர் 1ல இருந்து ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரைக்கும் ஸ்கூல் திறக்கப்போறாங்கன்னு அறிவிப்பு வந்ததுல இருந்து எங்க பேரன்ட்ஸ் குரூப்ல நடுராத்திரி வரைக்கும் மெசேஜ் ஓடுது. அனுப்பலாமா, வேணாமா, திரும்ப மூடிடுவாங்களா, மூணாவது அலை வருமாமே. டே ஸ்காலரா இருந்தா பெரிய சிக்கல் இல்ல, ரெண்டு நாள் அனுப்பிப் பாத்துட்டு சரியில்லைன்னா நிறுத்திக்கலாம். பிள்ளைய ஹாஸ்டல்ல விட்டுட்டு எங்கயோ தள்ளி உக்காந்திருக்கறவங்களுக்குத்தான் வயித்துல புளியக் கரைக்குது. நாங்க விருதுநகர் பக்கம், பையன் நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல பிளஸ் டூ, நடுவுல 200 கிலோமீட்டருக்கு மேல இருக்கு. அதனால இது முழுக்க ஹாஸ்டல்காரங்களுக்காக எழுதறது.

என் கருத்த முதல்லயே சொல்லிடறேன். திறக்கற தேதிய வச்சு பிளான் போடாதீங்க, பிள்ளைய அவசரமா கூட்டிட்டு வரணும்னா எப்படின்றத வச்சு போடுங்க. தேதி நம்ம கைல இல்ல. போன வருஷம் நடந்தத ஒரு தடவ ஞாபகப்படுத்திப் பாருங்க: 2020 நவம்பர் 16 திறப்புன்னு சொன்னாங்க, பேரன்ட்ஸ கூப்பிட்டு கருத்து கேட்டாங்க, நவம்பர் 12ஆம் தேதி இல்லைன்னுட்டாங்க. அப்புறம் 2021 ஜனவரி 19 பத்தாவதுக்கும் பிளஸ் டூவுக்கும், பிப்ரவரி 8 ஒன்பதாவதுக்கும் பிளஸ் ஒன்னுக்கும் திறந்தாங்க, பெட்டி படுக்கையோட கொண்டு போய் விட்டோம். மார்ச் 22 பிளஸ் டூ தவிர மத்ததெல்லாம் திரும்ப மூடியாச்சு. ஒன்பதாவதுக்கும் பிளஸ் ஒன்னுக்கும் சரியா ஆறு வாரம். தஞ்சாவூர் மாவட்டம் அம்மாபேட்டைல ஒரு பெண்கள் பள்ளில 50க்கு மேல பொண்ணுங்களுக்கு பாசிட்டிவ்னு வந்த அந்த வாரமே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு இது நீடிக்காதுன்னு. அறிவிப்பு வந்த அன்னிக்கு சாயங்காலமே வண்டிக்காரங்க ரேட்ட ஏத்திட்டாங்க, அதையும் மறக்காதீங்க.

அதனால இந்த தடவையும் ஆறு வாரம்னு வச்சுக்கிட்டே அனுப்புங்க. அதுக்கு மேல ஓடுனா லாபம்.

எந்த செய்திய நம்பறது

குரூப்ல வர்ற ஃபார்வர்டுல பாதி போன வருஷத்து நியூஸ் கார்டு, தேதிய மட்டும் வெட்டிட்டு அனுப்பறாங்க. அரசோட செய்தி வெளியீடுன்னு நம்பரும் தேதியும் போட்டு ஒண்ணு வரும் பாருங்க, அதுதான் கணக்கு. டிவில ஓடற ஃபிளாஷ் நியூஸ் கூட "ஆலோசனை"ன்னுதான் இருக்கும், நம்ம ஆளுங்க அத முடிவுன்னு படிச்சுட்டு டிக்கெட் போட்டுடறாங்க. அடுத்தது உங்க ஸ்கூல் சர்க்குலர். ஸ்கூல் திறக்கறதும் ஹாஸ்டல் திறக்கறதும் ஒரே நாள்ல நடக்கணும்னு இல்ல, முதல் வாரம் பிளஸ் டூ மட்டும் கூப்பிடுவாங்க, ஒன்பதாவதுக்கு பத்து நாள் கழிச்சுன்னு சொல்லுவாங்க. உங்க பிள்ளை வகுப்பு பேரு போட்டு எழுத்துல வர்ற வரைக்கும் வண்டிக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க.

மலை மேல படிக்கற பிள்ளைங்களுக்கு இன்னொண்ணும் இருக்கு. 2021 ஜூன்ல நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போறதுக்கெல்லாம் கலெக்டர்கிட்ட இ-பாஸ் (பயண அனுமதி) வாங்கணும்னு வச்சிருந்தாங்க, கொரோனா கேஸ் ஏறுனா திரும்ப அதுதான் முதல்ல வரும். கேரளால இருந்து வர்ற குடும்பங்களுக்கு 2021 ஆகஸ்ட் 5ல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள எடுத்த ஆர்டிபிசிஆர் (கொரோனா டெஸ்ட்) நெகட்டிவ், இல்லைன்னா ரெண்டு டோஸ் ஊசி போட்ட சர்டிபிகேட் வேணும்னு வச்சாங்க. 2021 ஆகஸ்ட் நிலவரத்துல பிள்ளைங்களுக்குத்தான் இன்னும் ஊசியே போட ஆரம்பிக்கலயே, அதனால அவங்களுக்கு டெஸ்ட் ஒண்ணுதான் வழி. கிளம்பற நேரத்த வச்சு பின்னாடி கணக்கு போட்டு சாம்பிள் குடுங்க, முன்னாடியே குடுத்துட்டு செக்போஸ்ட்ல போய் நின்னா 72 மணி நேரம் தாண்டியிருக்கும்.

வார்டன்கிட்ட கேக்க வேண்டியது

பிரின்சிபல்கிட்ட கேட்டா எல்லா ஏற்பாடும் பண்ணிட்டோம்னுதான் வரும். வார்டனக் கேளுங்க, இன்னும் நல்லது மெஸ் இன்சார்ஜ. கிளாஸ்ல மாஸ்க் போட்டு தள்ளித் தள்ளி உக்கார வச்சிடுவாங்க, ஹாஸ்டல்ல ஆபத்தே சாப்பாட்டு நேரமும் தூங்கற நேரமும்தான், ரெண்டுலயும் மாஸ்க் கிடையாது. 2020 டிசம்பர்ல சென்னை ஐஐடி ஹாஸ்டல்ல நூத்துக்கும் மேல பேருக்கு வந்தப்ப எல்லாரும் பேசுனது அங்க ஒரே ஒரு மெஸ் ஓடுனதப் பத்தித்தான். அதனால ஒரே நேரத்துல எத்தன பேரு உக்காந்து சாப்பிடுவாங்க, பேட்ச் பிரிக்கறீங்களா, டார்மிட்டரில கட்டிலுக்கு கட்டில் ஆறடி இருக்கா, ஜன்னல ராத்திரி திறந்து வைக்கறீங்களா, சமையல்காரங்க துப்புரவு பண்றவங்க எல்லாரும் ஊசி போட்டாச்சா, அவங்க தினம் வெளிய போய் வர்றாங்களா உள்ளயே தங்கறாங்களா, இதெல்லாம் கேளுங்க. கூச்சப்படாதீங்க, லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டறோம்.

சிக் ரூம் பத்தி தனியா கேளுங்க. "சிக் ரூம் இருக்கு"ன்னு சொன்னா விட்டுடாதீங்க. எத்தன கட்டில், தனி பாத்ரூம் இருக்கா, ராத்திரி யாரு கூட இருப்பாங்க, பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி. ஒரு பிள்ளைக்கு பாசிட்டிவ்னா பக்கத்து கட்டில் பிள்ளைங்கள என்ன பண்ணுவீங்க, ஹாஸ்டல்லயே வைப்பீங்களா பேரன்ட்ஸ கூப்பிட்டு அனுப்புவீங்களா. இந்தக் கேள்விக்கு நேரா பதில் வரலன்னா அவங்க இன்னும் யோசிக்கலன்னு அர்த்தம், நீங்க ஒரு வாரம் தள்ளி அனுப்பறதுல தப்பே இல்ல.

கன்சென்ட் ஃபார்ம்ல "ஏதாவது ஆனா பள்ளி பொறுப்பல்ல"ன்னு ஒரு வரி எப்படியும் இருக்கும். சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, கையெழுத்து போடுங்க, ஆனா கீழ உங்க கையாலயே ரெண்டு வரி எழுதுங்க: காய்ச்சல் 100.4க்கு மேல போனா அன்னிக்கே போன் பண்ணணும், டெஸ்ட் எடுத்தா எடுக்கும்போதே சொல்லணும். அத போட்டோ எடுத்து வார்டனுக்கும் ஒரு காப்பி அனுப்பி வச்சிடுங்க.

டெஸ்ட் எடுக்கறப்ப எந்த மொபைல் நம்பர் குடுக்கறாங்களோ அதுக்குத்தான் ரிசல்ட் மெசேஜ் வரும். மொத்தமா முப்பது பிள்ளைங்களுக்கு சாம்பிள் எடுக்கறப்ப ஆபீஸ் நம்பரையே எல்லாத்துக்கும் போட்டு விட்டுடுவாங்க, அப்புறம் ரிசல்ட்டுக்கு அவங்கள தொங்கிட்டு இருக்கணும். உங்க நம்பர ஒரு சின்ன அட்டைல எழுதி ஆதார் காப்பியோட பின் அடிச்சு பிள்ளைகிட்ட குடுங்க, சாம்பிள் எடுக்கறவங்ககிட்ட இதத்தான் நீட்டணும்னு சொல்லிக் குடுங்க.

கூட்டிட்டு வர்ற வழி

போன் வந்தா ஒரே நாளுக்குள்ள யாரு போறது? நீங்களே காய்ச்சல்ல படுத்திருந்தா யாரு? பஸ் நின்னுட்டா எந்த வண்டி? இந்த மூணுக்கும் பேரு போட்டு பதில் வேணும், "பாத்துக்கலாம்" ஆகாது. நாங்க பண்ணது என்னன்னா, எங்க பக்கத்துல இருந்து அதே ஸ்கூல்ல படிக்கற நாலஞ்சு பிள்ளைங்க வீட்ல பேசி ஒரு வண்டிக்காரர்கிட்ட முன்கூட்டியே ரேட் பேசி வச்சாச்சு, ராத்திரின்னாலும் வருவார், ஆர்சி இன்சூரன்ஸ் காப்பி எல்லார்கிட்டயும் இருக்கு, இ-பாஸ் போடணும்னா வண்டி நம்பர் கைல ரெடி. யாரு போனாலும் மத்த பிள்ளைங்களையும் ஏத்திட்டு வரலாம்னு லெட்டர் எழுதி ஸ்கூல்ல குடுத்தாச்சு. அந்த லெட்டர் இல்லாம சித்தப்பாவே போய் நின்னாலும் கேட்பாஸ் (வெளிய விடற சீட்டு) குடுக்கமாட்டாங்க. ஆனா பாசிட்டிவ் ஆன பிள்ளைய இந்த ஷேர் வண்டில ஏத்தக்கூடாது, அதுக்கு தனி ஏற்பாடு, இதையும் முன்னாடியே பேசிடுங்க, அந்த நேரத்துல பேசுனா மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

ஸ்கூல் இருக்கற ஊர்லயே தெரிஞ்சவங்க யாராவது இருந்தா லோக்கல் கார்டியனா பேரு குடுங்க. துபாய் பக்கம் இருக்கறவங்களுக்கு இது கட்டாயம். ஏப்ரல் கடைசில இங்கிருந்து போற ஃப்ளைட்ட அங்க நிறுத்துனதுல பிள்ளைய பாக்க வந்தவங்க எத்தன பேரு திரும்பிப் போக முடியாம மாட்டுனாங்க. அவங்களுக்குப் பதிலா கையெழுத்து போட இங்க ஒரு ஆள் வேணும்.

வீட்லயும் ஒரு ரூம் ஒதுக்கி வைங்க. பிள்ளைக்கு பாசிட்டிவ்னு வீட்ல வச்சுப் பாத்துக்கற மாதிரி ஆச்சுன்னா, 2021 விதிப்படி அறிகுறி ஆரம்பிச்சதுல இருந்து பத்து நாள், அதுல கடைசி மூணு நாள் காய்ச்சல் இல்லாம இருக்கணும். தாத்தா பாட்டி ஊசி போட்டாச்சான்னு இப்பவே பாருங்க, 2021 கணக்குப்படி கோவிஷீல்டு ஊசி ரெண்டு டோஸுக்கு நடுவுல 84 நாள் இருக்கு, இன்னிக்கு முதல் டோஸ் போட்டாலும் ரெண்டாவது நவம்பர்லதான்.

பெட்டி

நிறைய பிள்ளைங்க பழைய ஜாமான ஹாஸ்டல்லயே பூட்டி வச்சுட்டு வந்திருக்கு. போய் திறந்தா பூஞ்சை பூத்த தலகாணியும் கரையான் அரிச்ச நோட்டும்தான் இருக்கும், மெத்தைய புதுசா வாங்கிடுங்க. யூனிஃபார்ம இப்பவே போட்டுப் பாக்கச் சொல்லுங்க, எங்க பையன் ஷூல குதிகால் கூட நுழையல, பேன்ட் கணுக்காலுக்கு மேல நிக்குது. கடைல இந்த வாரம் கூட்டம் ஏறும், தைக்கக் குடுக்கறதா இருந்தா சீக்கிரம் குடுங்க.

உள்ளாடையும் டவலும் வழக்கத்த விட கூட வைங்க, தனிமைல வச்சா பத்து நாளைக்கு துவைக்க வழி இருக்காது. தெர்மாமீட்டர் ஒண்ணு, ஆக்சிமீட்டர் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு பாக்கற கருவி) ஒண்ணு, அதுல 94க்கு கீழ காட்டுனா உடனே சொல்லணும்னு பிள்ளைக்கு சொல்லிக் குடுங்க. ஆனா விரல்ல மருதாணி, நெயில் பாலிஷ் இருந்தா தப்பா காட்டும், அதுக்கு பயந்துடக்கூடாது. ஒரே பேப்பர்ல ரத்த வகை, எந்த மாத்திரை ஒத்துக்காது, வீசிங் இருக்கா, மூணு போன் நம்பர். மொத்த புக்கையும் தூக்கிட்டு போகச் சொல்லாதீங்க, ஒரு செட் நோட்ஸ் வீட்லயே இருக்கட்டும், மார்ச்ல அவசரத்துல ஒரு பேகோட ஓடி வந்தப்ப படிக்க ஒண்ணும் இல்லாம நின்னது ஞாபகம் இருக்கும்ல.

பிள்ளைகிட்ட பேசறது

ஒன்றரை வருஷமா காலைல எட்டு மணிக்கு எந்திரிச்சு போன எடுத்த பிள்ளைய திடீர்னு அஞ்சு மணி ஸ்டடிக்கு உக்கார வச்சா முதல் வாரமே "அம்மா கூட்டிட்டு போ"ன்னு அழும், அது கொரோனா பயம் இல்ல, தூக்கம். இப்பவே தினம் அரை மணி நேரம் முன்னாடி எழுப்புங்க. போனையும் மெதுவா குறைங்க.

மூடுனா என்ன பண்ணுவோம்ன்றத மறைக்காம சொல்லிடுங்க, "இந்த தடவ நிச்சயம் மூடமாட்டாங்க"ன்னு சத்தியம் பண்ணாதீங்க, பிள்ளைங்க நம்ம வாய் வார்த்தைய குறிச்சு வச்சுக்கும். வாரத்துக்கு எந்த நாள் எத்தன மணிக்கு போன்னு வார்டன்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க. வார்டன் பக்கத்துல நிக்கறப்ப பிள்ளை உண்மைய சொல்லாது, அதனால ஒரு குறி வச்சுக்கோங்க. எங்க வீட்ல "பாட்டி முட்டி வலி எப்படி இருக்கு"ன்னு அவன் கேட்டா உடம்பு சரியில்லன்னு அர்த்தம். பாட்டிக்கு முட்டி வலியே கிடையாது.

மார்க்கும் பணமும்

இப்ப (2021-22) பிளஸ் டூ போற பேட்ச் பாவம், பத்தாவது பொதுத்தேர்வு 2020ல ரத்து, காலாண்டு அரையாண்டு மார்க்ல 80 சதவீதம், அட்டெண்டன்ஸ்ல 20 சதவீதம்னு போட்டாங்க. பிளஸ் ஒன்னும் ஆல் பாஸ். போன பிளஸ் டூ பேட்சுக்கு பத்தாவதுல 50, பிளஸ் ஒன்ல 20, பிளஸ் டூ செய்முறை இன்டர்னல்ல 30 சதவீதம்னு கணக்கு போட்டாங்க. இந்த வருஷமும் தேர்வு நின்னுச்சுன்னா எத எடுப்பாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனால ஸ்கூல்ல வைக்கற ஒவ்வொரு டெஸ்ட்டையும் பொதுத்தேர்வு மாதிரி எழுதச் சொல்லுங்க, திருத்துன பேப்பர தூக்கிப் போடாம போட்டோ எடுத்து வைங்க. இந்த நிலைமைல பிளஸ் டூ பிள்ளைய ஸ்கூல் மாத்தற யோசனை வேண்டாம். ஒன்பதாவதுன்னா உள்ளூர் ஸ்கூல்ல இந்த ஒரு வருஷம் போட்டுட்டு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு நினைக்கறதுல தப்பு இல்ல, எங்க குரூப்ல ரெண்டு மூணு பேரு அதத்தான் பண்றாங்க, எனக்கு அது புத்திசாலித்தனமாத்தான் படுது.

ஃபீஸ் விஷயத்துல 2021 ஜூலை கடைசில ஐகோர்ட் சொன்னது, வருமானம் பாதிக்காதவங்ககிட்ட 85 சதவீதம், பாதிச்சவங்ககிட்ட 75 சதவீதம், ஆறு தவணைல வாங்கலாம்னு. ஆபீஸ்ல போய் "தவணைல கட்டறேன்"னு லெட்டராவே குடுங்க. ஹாஸ்டல் ஃபீஸையும் மெஸ் ஃபீஸையும் வருஷத்துக்கு மொத்தமா கட்டாதீங்க. மாசாமாசம் இல்லன்னா டேர்முக்கு கட்டறேன்னு கேளுங்க, பாதில மூடுனா சாப்பிடாத நாளுக்கு திருப்பித் தருவீங்களா, அடுத்த டேர்ம்ல கழிப்பீங்களான்னு எழுத்துல வாங்குங்க. பிப்ரவரில கட்டுன மெஸ் பணம் இன்னும் தீராம இருக்கற வீடு நிறைய இருக்கு, புதுசா கட்டறதுக்கு முன்னாடி அந்த பாக்கிய கேளுங்க, பழைய ரசீத தேடி எடுத்துட்டுப் போங்க, அது இல்லாம அந்த கவுன்டர்ல ஒருத்தரும் நிமிந்து பாக்கமாட்டாங்க.