செல்லப் பெயர் வைக்க முதல் ஒருக்கா கூப்பிட்டுப் பாருங்கள்

நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வீட்டுக்கு வந்தால் பெயரை மனதில் வைத்து அழகு பார்க்காமல் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் நின்று ‘குட்டீ’ என்றால் நாய்க்கு முதல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். ‘சூட்டி’யும் அதே கதைதான்.

இரண்டு அசையில் முடிகிற பெயர் நல்லது. லட்டு, பூந்தி, மஸ்கட் எல்லாம் சரி. மண்ணிறக் குட்டிக்கு, அதே நிற இனிப்பான ‘தொதல்’ என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. கூப்பிடும்போது அது தானாகவே ‘தொதலு’ ஆகிவிடும். ‘பனங்கட்டி’ கேட்க இனிப்புத்தான், ஆனால் நாளடைவில் வெறும் ‘கட்டி’யாகச் சுருங்கும், வேண்டாம்.

‘நோ’ என்று அதட்டுகிற வீட்டில் ‘ஜோ’ என்று பெயர் வைத்தால் நாய் குழம்பும். கீழ்வீட்டுச் சிங்கள அன்ரியும் சாப்பாடு வைக்கும்போது கூப்பிடுவா அல்லவா, அதனால் ழகரம் உள்ள பெயரைத் தவிர்க்கலாம்.

பூனைக்குப் பெயரே விளங்காது என்பார்கள். அதுவும் தன் பெயரைப் பிரித்தறியும் என்று 2019இல் ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. வருவதும் வராததும் அதன் இஷ்டம்.

சாப்பாடு கொடுக்கும்போதும் தடவும்போதும் பெயரைச் சொல்லுங்கள், ஏச்சுக்கு மட்டும் அதை எடுக்காதீர்கள். தடுப்பூசி அட்டையிலும் அதே பெயரை எழுதுவியுங்கள். அங்கே ‘ரெக்ஸ்’, வீட்டில் ‘தொதல்’ என்றால் மிருக வைத்தியர் கூப்பிடும்போது அது திரும்பியும் பார்க்காது.