காத்துல இருந்து ஆக்சிஜன், நைட்ரஜன், ஆர்கான் பிரிக்கிறது எப்படி?

காத்துல நைட்ரஜன் 78%, ஆக்சிஜன் 21%, ஆர்கான் 1%க்கும் கொஞ்சம் கம்மி. இதை ஃபில்டர் வச்சு பிரிக்க முடியாது, காத்தையே திரவமாக்கி சாராயம் காய்ச்சுற மாதிரி வடிக்கணும். கொதிநிலை நைட்ரஜனுக்கு மைனஸ் 196 டிகிரி, ஆர்கானுக்கு மைனஸ் 186, ஆக்சிஜனுக்கு மைனஸ் 183, இந்த சின்ன இடைவெளியை நம்பித்தான் மொத்த பிளான்ட்டும் ஓடுது.

முதல்ல தூசி எடுத்துட்டு கம்ப்ரஸர்ல சுமார் 6 பார் (சாதாரண காத்தழுத்தம் சுமார் 1 பார்) வரைக்கும் அழுத்தணும், சூடாயிடும், ஆற வைக்கணும். அடுத்தது மாலிக்குலர் சீவ், அதாவது ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சிக்கிற, நுண்துளை உள்ள பொருள். ரெண்டு டேங்க் இருக்கும், ஒண்ணு வேலை செய்யும்போது இன்னொண்ணை வேஸ்ட் நைட்ரஜனை சூடாக்கி விட்டு காய வைப்பாங்க. இதுல மட்டும் அலட்சியம் கூடவே கூடாது, ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் உள்ள போனா உறைஞ்சு வழியை அடைச்சுரும், அசிட்டிலீன் மாதிரி ஐட்டம் திரவ ஆக்சிஜன்ல சேர்ந்தா வெடிக்கவே செய்யும்.

அப்புறம் கோல்ட் பாக்ஸ், குளிர் வெளிய போகாம இருக்க சுத்தி பெர்லைட் தூள் கொட்டி வச்ச உயரமான பெட்டி. வெளிய போற குளிர்ந்த கேஸ் உள்ள வர்ற காத்தை குளிர வைக்கும், பத்தாத குளிருக்கு எக்ஸ்பேண்டர்னு ஒரு டர்பைன், கேஸ் அதை சுத்த விட்டு தன் சக்தியை இழந்து ஜில்லுனு ஆயிடும்.

இப்பதான் மேட்டரே. 1910ல ஜெர்மன் இன்ஜினியர் கார்ல் வான் லிண்டே கொண்டு வந்த இரட்டை காலம் (column), அதாவது ஒண்ணு மேல ஒண்ணா நிக்கிற ரெண்டு வடிக்கிற கோபுரம். கீழ 5-6 பார், மேல 1 பாருக்கு கொஞ்சம் கூட, நடுவுல ஒரு கண்டென்சர், கேஸை குளிர வச்சு திரவமாக்குற பகுதி. அதுல கீழ இருக்கிற நைட்ரஜன்தான் மேல இருக்கிற ஆக்சிஜனை கொதிக்க வைக்குது! நைட்ரஜன்தானே அதிக குளிர், அது எப்படிங்கறீங்களா? குக்கர் லாஜிக்தான், பிரஷர் ஏறினா கொதிநிலையும் ஏறும், அதனால கீழ நைட்ரஜன் மைனஸ் 178 பக்கமே திரவமாகும், மேல ஆக்சிஜன் மைனஸ் 180 பக்கம் கொதிக்கும், அந்த ரெண்டு டிகிரி போதும், தனியா ஹீட்டரே வேண்டாம். மேல் காலத்தோட உச்சில நைட்ரஜன், அடில ஆக்சிஜன் வரும்.

ஆர்கான் வேணும்னா மேல் காலத்துல அது 10% வாக்குல சேர்ற இடத்துல இருந்து தனி காலத்துக்கு இழுக்கணும். ஆக்சிஜனோட 3 டிகிரிதான் வித்தியாசம்ங்கறதால அந்த காலம் ரொம்ப உயரமா இருக்கும்.

கொஞ்சமா ஆக்சிஜன் போதும்னா இவ்வளவும் வேண்டாம், பிஎஸ்ஏ (அழுத்தத்தை ஏத்தி இறக்கி கேஸ் பிரிக்கிற முறை) பிளான்ட் போதும், அதுல இருக்கிற ஜியோலைட்ங்கற நுண்துளை உள்ள பொருள் நைட்ரஜனை மட்டும் பிடிச்சு வச்சுக்கும். ஆனா ஆர்கானை அது கண்டுக்காது, அது ஆக்சிஜனோடவே வந்துரும், அதான் 90-95% சுத்தத்தோட நின்னுடுது.